வளையத்தை நம்பியதால் வந்தது: மைனஸ் 14.5 கண்ணில் இரண்டு முறை விலகிய விழித்திரை

இந்த நோயாளிக்கு நான் செய்த முதல் அறுவை சிகிச்சை ஐந்தாவது வாரத்தில் தோற்றது. கிழிசல் நன்றாக அடைபட்டிருந்தது. சுற்றிலும் லேசர் தழும்பு பிடித்திருந்தது. ஆனாலும் விழித்திரை மறுபடி விலகிவிட்டது. அதற்கான காரணம் முதல் நாளே கண்ணுக்குள் இருந்தது, நான்தான் பார்க்கவில்லை. அதை எழுதி வைக்கத்தான் இந்த நிகழ்வு ஆய்வு. நோயாளியை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

வந்த நாள்

44 வயதுப் பெண். அச்சுப் பிழை திருத்துபவர். ஏழு வயதிலிருந்தே கண்ணாடி. வலக்கண் மைனஸ் 14.5, இடக்கண் மைனஸ் 13. இவ்வளவு பவர் உள்ள கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் தெளிவாகத் தெரிகிற தூரம் ஏறத்தாழ 7 சென்டிமீட்டர்தான். அவர் அதையே தொழில்கருவியாக வைத்திருந்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தாளை மூக்குக்கு அருகே கொண்டுவந்து, மற்றவர்கள் தாண்டிப் போய்விடும் ஒற்றுப்பிழைகளைப் பிடிப்பார்.

பத்து நாட்களுக்கு முன் வலக்கண்ணில் பூச்சி பறப்பது அதிகமாகியிருக்கிறது. மைனஸ் பவர் கூடுதலாக உள்ளவர்களுக்கு இளம் வயதிலிருந்தே பூச்சி பறக்கும், அதனால் புதிதாக வந்த பூச்சியை அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஓரத்தில் மின்னல்போல் வெட்டியதையும் தூக்கமின்மை என்று விட்டுவிட்டார். மூன்று நாட்களுக்கு முன் மூக்குப் பக்கம் கீழிருந்து ஒரு நிழல் எழுந்தது. "கண்ணாடியிலதான் ஏதோ ஒட்டியிருக்குன்னு துடைச்சுத் துடைச்சுப் பார்த்தேன் டாக்டர்" என்றார். முந்தின நாள் மாலை நிழல் நடுப்பார்வையை மூடியதும்தான் பயம் வந்திருக்கிறது.

வலக்கண்ணில் ஒரு மீட்டர் தூரத்தில் விரல்களை எண்ண முடிந்தது. இடக்கண் கண்ணாடியோடு 6/9. கண் அழுத்தம் வலப்பக்கம் 9, இடப்பக்கம் 15. விலகிய கண்ணில் அழுத்தம் குறைந்திருப்பது வழக்கம்தான். லென்ஸுக்குப் பின்னால் விட்ரியஸில், அதாவது கண்ணை நிரப்பியிருக்கும் கூழில், பழுப்பு நிறத் தூள் மிதந்தது. புகையிலைத் தூள் என்று நாங்கள் சொல்கிற இது, கிழிசல் வழியாக வெளியே வந்த நிறமிச் செல்கள். இதைப் பார்த்துவிட்டால் கிழிசலைக் கண்டுபிடிக்கும்வரை நோயாளியை வீட்டுக்கு அனுப்பக்கூடாது.

விழித்திரை காதோரப் பக்கம் மேலிருந்து உப்பலாக விலகி, நடுப்பார்வைக்கான பகுதியான மாக்குலாவையும் சேர்த்து இழுத்து வந்திருந்தது. கண்ணைக் கடிகார முகப்பாக வைத்துப் பார்த்தால் பத்தரை மணி நிலையில், லாட்டிஸ் என்கிற மெலிந்த பட்டையின் பின்விளிம்பில், குதிரைலாட வடிவக் கிழிசல். அது கண்ணின் நடுக்கோட்டுக்கும் சற்றுப் பின்னால் இருந்தது. கிழிசலைத் தேடுவதற்கு லிங்காஃப் விதி இன்றும் உதவுகிறது. மேல்புறமாக ஒரு பக்கத்தில் விலகல் இருந்தால், விலகலின் உச்சி விளிம்பிலிருந்து ஒன்றரை மணி தூரத்துக்குள் கிழிசல் இருக்கும். இங்கும் அப்படியே இருந்தது.

இதுபோன்ற கண்ணில் ஒரு கிழிசலைக் கண்டதும் தேடலை நிறுத்திவிடக் கூடாது. கண்ணின் பின்சுவர் பிதுங்கி ஸ்டாஃபிலோமா உண்டாகியிருக்கும். அதன் பள்ளத்துக்குள் மாக்குலாவிலேயே ஓட்டை விழுந்து, விலகல் அங்கிருந்து தொடங்கியிருக்கவும் கூடும். அதன் சிகிச்சையே வேறு. வெளிறிய பின்புலத்தில் சின்ன ஓட்டை கண்ணுக்கு எளிதில் பிடிபடாது என்பதால், விழித்திரையின் அடுக்குகளை ஒளியால் படமெடுக்கும் ஓசிடி எடுத்தோம். மாக்குலா விலகியிருந்தது, ஓட்டை இல்லை. ஸ்டாஃபிலோமா இருந்தது.

கண்ணின் நீளம் 29.8 மில்லிமீட்டர். சராசரிக் கண் 24க்குச் சற்றுக் குறைவு. 26ஐத் தாண்டினாலே நீளக்கண் என்கிறோம். இங்கே ஓர் எச்சரிக்கை. மாக்குலா விலகியிருக்கும்போது அளவுக்கருவி மிதக்கிற விழித்திரையைப் பின்சுவர் என்று எடுத்துக்கொண்டு நீளத்தைக் குறைத்துக் காட்டும். எங்களுக்கும் முதலில் 27 சொச்சம் என்றுதான் வந்தது. பி-ஸ்கேன் அல்ட்ராசவுண்டில் பின்சுவரைக் குறித்து அளந்த பிறகே சரியான எண் கிடைத்தது.

எந்த அறுவை?

1920களில் லோசானில் ஜூல் கொனான் என்ற மருத்துவர், விலகலுக்குக் காரணம் கிழிசலே, அதை அடைத்தால் விழித்திரை ஒட்டும் என்று காட்டினார். அதற்கு முன் இந்த நோய் வந்தால் அந்தக் கண் போனதாகவே வைத்துக்கொள்ள வேண்டும். இன்றைய முறைகள் எல்லாம் அவர் சொன்னதைச் செய்வதற்கான வெவ்வேறு வழிகள்தான். கண்ணுக்கு வெளியே சிலிக்கான் பட்டை வைத்துச் சுவரை உள்ளே அழுத்தும் பக்கிள் ஒன்று. கண்ணுக்குள் போய் விட்ரியஸை வெட்டி எடுத்து, வாயு நிரப்பும் விட்ரெக்டமி இன்னொன்று.

எது மேல் என்ற வாதம் ஓய்ந்தபாடில்லை. 2007இல் வெளியான ஐரோப்பிய ஒப்பாய்வில், சொந்த லென்ஸ் உள்ள கண்களில் பக்கிள் போட்டவர்களுக்குப் பார்வை சற்று மேலாக இருந்தது. செயற்கை லென்ஸ் வைத்த கண்களில் ஒரே அறுவையில் விழித்திரை ஒட்டுவது விட்ரெக்டமியில் அதிகம். இவருக்குச் சொந்த லென்ஸ்தான். அப்படியானால் பக்கிள்தானே என்று கேட்கலாம். இருபது வயது மைனஸ் பவர் நோயாளி, விட்ரியஸ் இன்னும் பிரியவில்லை, லாட்டிஸுக்குள் சின்ன வட்ட ஓட்டைகள், மெதுவாக ஊறும் விலகல் என்றால் யோசிக்காமல் பக்கிள் என்பேன். அந்த வயதில் விட்ரெக்டமி செய்வது தேவையில்லாத வம்பு. இவருடைய கிழிசலோ பின்னால் இருந்தது. அவ்வளவு பின்னால் பட்டையைத் தைக்க வேண்டும், சுவரோ காகிதம்போல் மெலிந்தது. ஊசி உள்ளே இறங்கிவிடும் ஆபத்து உண்டு. அதனால் விட்ரெக்டமி என்று முடிவு செய்தோம். அந்த முடிவு தவறென்று இப்போதும் நினைக்கவில்லை.

முதல் அறுவை

மறுநாள் காலையிலேயே செய்தோம். மாக்குலா விலகிய பிறகு நாள் கூடக்கூடப் பார்வை மீள்வது குறையும். மூன்று நாட்களுக்குள் செய்வது நல்லது.

மரத்துப்போக ஊசி போடவில்லை. நீளக் கண்ணில், அதுவும் ஸ்டாஃபிலோமா உள்ள கண்ணில், கண்குழிக்குள் கூர் ஊசி விட்டால் அது கண்ணையே துளைத்துவிடக்கூடும். மழுங்கிய குழாயால், கண்ணைச் சுற்றியுள்ள டெனான் உறைக்குள் மருந்து செலுத்தினோம்.

25 கேஜில் மூன்று துளைகள். நடு விட்ரியஸை வெட்டினேன். பார்வை நரம்புக்கு முன்னால் வெய்ஸ் வளையம் அழகாக மிதந்தது. பார்வை நரம்பின் விளிம்பைச் சுற்றி ஒட்டியிருந்த விட்ரியஸ் கழன்றுவிட்டதற்கான அடையாளம் அது. வளையம் இருக்கிறது, ஆகவே விட்ரியஸ் பின்னால் முழுக்கப் பிரிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். மிச்ச விட்ரியஸில் வெள்ளையாக ஒட்டி அதைக் காட்டிக்கொடுக்கும் டிரையாம்சினலோன் மருந்தைத் தெளித்துப் பார்க்கவில்லை. மருந்து மேசையிலேயே இருந்தது.

மற்றதெல்லாம் சீராகவே போனது. கிழிசலின் மடலை வெட்டி, அதன் வழியாகவே அடியில் இருந்த நீரை உறிஞ்சி, காற்றை நிரப்பி, மூன்று வரிசை லேசர் வைத்து, 20 சதவீத சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு வாயுவோடு முடித்தேன். இந்த வாயு ஏறத்தாழ இரண்டு வாரம் கண்ணில் நிற்கும். லேசர் தழும்பு உறுதியாவதற்கும் அவ்வளவு நாள்தான் வேண்டும். வலக்கண்ணில் காதோரக் கிழிசல் என்பதால் இடக்கன்னம் தலையணையில் படும்படி படுக்கச் சொன்னோம். வாயு கரையும்வரை விமானப் பயணம் கூடாது, வேறு எதற்காவது மயக்க மருந்து தர நேர்ந்தால் கண்ணில் வாயு இருப்பதைச் சொல்ல வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்தோம். நைட்ரஸ் ஆக்சைடு வாயுக் குமிழியை ஊதிப் பெருக்கி, கண்ணின் ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும்.

முதல் நாள் விழித்திரை ஒட்டியிருந்தது. மூன்றாவது வாரம் வாயு கரைந்துவிட்டது, கண்ணாடியோடு பார்வை 6/36. அவருக்கு மகிழ்ச்சி. எனக்கும்தான்.

ஐந்தாவது வாரம்

"இந்தத் தடவை நிழல் மேலேருந்து இறங்குது டாக்டர்." கதவைத் திறந்து உள்ளே வரும்போதே சொன்னார். மேலே நிழல் என்றால் கீழே விலகல். நான்கு மணியிலிருந்து எட்டு மணிவரை விழித்திரை தூக்கியிருந்தது, ஆனால் முன்புபோல் உப்பலாக அலையவில்லை. விறைத்துச் சுருங்கிக் கிடந்தது. ஆறரை மணி அருகே நட்சத்திர மடிப்பு ஒன்று. அதன் ஓரத்தில், ரத்தக் குழாயை ஒட்டிப் புதிதாக ஒரு சிறு கிழிசல். பழைய கிழிசல் எந்தக் குறையும் இல்லாமல் அடைந்தே இருந்தது.

இதைப் பிவிஆர் என்போம், விழித்திரைமேல் வடுச்சவ்வு வளர்ந்து இழுப்பது. விழித்திரை அறுவை தோற்பதற்கு முதன்மையான காரணம் இதுதான். கிழிசல் வழியாக வெளியே வந்த நிறமிச் செல்கள் புவியீர்ப்பில் கீழே படிந்து, சவ்வாகப் பரவி, சுருங்கும். அதனால்தான் பெரும்பாலும் கீழ்ப்பாதியில் வருகிறது. ஆனால் அந்தச் செல்கள் பற்றிப் படர ஒரு பந்தல் வேண்டுமே. விட்ரியஸை முழுக்க எடுத்துவிட்டதாக நான் நினைத்திருந்த கண்ணில் பந்தல் எங்கிருந்து வந்தது?

இரண்டாவது அறுவை

இந்த முறை பொது மயக்கம். கருவிகளை நுழைத்ததும் முதல் வேலையாக டிரையாம்சினலோன் தெளித்தேன். வெள்ளைத் துகள்கள் விழித்திரைமேல் விழுந்து உருண்டு ஓடிவிட்டால் அங்கே விட்ரியஸ் இல்லை என்று பொருள். இங்கே உருளவில்லை. மாக்குலாவிலிருந்து நடுக்கோடுவரை, கீழ்ப்பாதி முழுக்க, வெள்ளைப் போர்வையாக ஒட்டிக்கொண்டன.

சுவரொட்டியைக் கிழிக்கும்போது மேல்தாள் முழுசாகக் கையோடு வந்துவிடும். அடித்தாள் பசையோடு சுவரிலேயே நின்றுவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் சுவர் சுத்தமாகிவிட்டதுபோலவே தெரியும். நீளக் கண்ணில் விட்ரியஸ் செய்வது இதைத்தான். சிறு வயதிலேயே அது நீர்த்துப் பெரிய பொந்துகள் விழுகின்றன. பிரியும்போது இரண்டு படலமாகப் பிளந்து, முன்படலம் வெய்ஸ் வளையத்தையும் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறது. பின்படலம் விழித்திரையோடு கிடக்கிறது. கண்ணாடிபோல் தெளிந்த படலம், அடியில் வெளிறிய விழித்திரை. சாயமோ துகளோ இல்லாமல் அதைக் காண்பது கடினம்.

படலத்தை எடுப்பதுதான் இந்த அறுவையின் முக்கால்வாசி. நீளக் கண்ணில் கருவி எட்டாத சங்கடம் வேறு. பின்சுவரைத் தொடக் கருவியின் கைப்பிடி வெண்விழியில் முட்டி அழுத்த வேண்டியிருந்தது, அழுத்தினால் காட்சி நெளியும். வைரத்தூள் பூசிய மென்தூரிகையால் படலத்தின் ஓரத்தைக் கிளப்பி, இடுக்கியால் மெல்ல உரித்தேன். மெலிந்த விழித்திரை என்பதால் இழுக்கும் திசை மேல்நோக்கி இருக்கக்கூடாது, விழித்திரையைத் தழுவினாற்போல் போக வேண்டும். இரண்டு இடத்தில் கிழியப் பார்த்தது, விட்டுவிட்டு வேறு பக்கத்திலிருந்து வந்தேன். பின்பகுதி மறுபடி தூக்காமலிருக்கப் பெர்ஃபுளோரோகார்பன் திரவத்தை எடையாக வைத்துக்கொண்டு வெளிப்பகுதியை உரித்தேன். பிறகு பிரில்லியன்ட் புளூ சாயமிட்டு, விழித்திரையின் மேல்தோல்போன்ற உள்ளெல்லைச் சவ்வை மாக்குலாவைச் சுற்றி எடுத்தேன், நட்டநடு ஃபோவியாவின் மேல் மட்டும் தொடவில்லை. நீளக் கண்ணில் அங்கேயும் உரிக்கப்போய் ஓட்டை விழுந்தால் இன்னொரு நோயை நாமே உண்டாக்கியதாகிவிடும்.

நிரப்புவதற்குச் சிலிக்கான் எண்ணெய். அதில் ஒரு சிக்கல் உண்டு. எண்ணெய் தண்ணீரைவிட இலேசு, மிதக்கும். மேல்பாதியைத் தாங்கும், கீழ்ப்பாதியைத் தாங்காது. நமக்குத் தொந்தரவோ கீழே. அதனால் கண்ணைச் சுற்றி 2.5 மில்லிமீட்டர் அகலச் சிலிக்கான் பட்டையும் போட்டோம், கீழ்ச்சுவர் சற்று உள்ளே வந்து எண்ணெயைச் சந்திக்கட்டும் என்று. முதல் தடவை பயந்து தவிர்த்த தையலை இப்போது போட்டாக வேண்டியதாயிற்று. ஆனால் சுற்றுப்பட்டை நடுக்கோட்டருகே நிற்பது, அந்தப் பின்பக்கக் கிழிசல் அளவுக்குப் பின்னால் போக வேண்டியதில்லை. வெண்விழி மெலிந்த இடங்களில் அடியில் உள்ள நிறம் நீலமாகத் தெரியும். அந்த நீலத்தைத் தவிர்த்துத் தைத்தோம்.

எண்ணெய் இருந்த மாதங்கள்

இரண்டாவது வாரம் கண் அழுத்தம் 31. ஸ்டீராய்டு சொட்டு மருந்துக்கு அழுத்தம் ஏறும் இயல்பு அதிகக் கிட்டப்பார்வை உள்ளவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. முதல் அறுவைக்குப் பிறகு அதே மருந்தில் அவருக்கு அழுத்தம் ஏறாததால் நான் கொஞ்சம் அலட்சியமாக இருந்துவிட்டேன். ஸ்டீராய்டைக் குறைத்து நிறுத்தி, அழுத்தம் குறைக்கும் டிமோலால் கொடுத்ததில் பத்து நாளில் 17க்கு இறங்கியது.

அப்புறம், எதிர்பாராத ஒரு சந்தோஷம் அவருக்கு. சொந்த லென்ஸ் உள்ள கண்ணில் எண்ணெய் நிரப்பினால் பவர் ஏறத்தாழ 5 முதல் 7 டயாப்டர்வரை பிளஸ் பக்கம் நகரும். எண்ணெயின் முன்பரப்பு லென்ஸின் பின்வளைவை ஒட்டிக் குழிந்து, தானே ஒரு மைனஸ் லென்ஸாக வேலை செய்கிறது. சுற்றுப்பட்டை கண்ணை நீட்டியதில் கொஞ்சம் மைனஸ் கூடினாலும், கணக்கு முடிவில் மைனஸ் 9 அருகில் நின்றது. "எழுத்து முன்ன மாதிரி மூக்கு மேல வர வேண்டியதில்லை" என்றார். குணமானதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், எண்ணெயை எடுத்ததும் இது போய்விடும் என்று சொல்ல வேண்டியிருந்தது.

நான்காவது மாதம் லென்ஸ் மங்கத் தொடங்கியது. விட்ரெக்டமிக்குப் பின், அதுவும் எண்ணெய் இருந்தால், கண்புரை வருவது ஏறக்குறைய உறுதி. ஐந்தாவது மாதம் எண்ணெயையும் புரையையும் ஒரே அமர்வில் எடுத்தோம். வைக்க வேண்டிய லென்ஸின் பவரைக் கணக்கிடுவதில் இன்னொரு பொறி. ஒலி, விட்ரியஸில் நொடிக்கு 1532 மீட்டர் போகும், சிலிக்கான் எண்ணெயில் ஆயிரத்துக்கும் கீழே. அதைத் திருத்தாமல் அல்ட்ராசவுண்டில் அளந்தால் நீளக் கண் இன்னும் நீளமாகத் தெரியும். ஒளிமுறைக் கருவியில் எண்ணெய்க்கான அமைப்பைத் தேர்ந்து அளந்தோம். நீளக் கண்ணில் பழைய சூத்திரங்கள் பிளஸ் பக்கம் சறுக்கிவிடும் என்பதையும் கணக்கில் எடுத்தோம்.

இலக்கு சுழியம் இல்லை, மைனஸ் 3. வாழ்நாள் முழுக்கக் கிட்டத்தில் வாசித்தவருக்குத் தூரப்பார்வையைக் கொடுத்துவிட்டு, வாசிக்கக் கண்ணாடி போடு என்றால் அதைப் பரிசாக ஏற்க மாட்டார். இடக்கண் மைனஸ் 13 என்பதால் இரண்டு கண்ணுக்கும் 10 டயாப்டர் வேறுபாடு. மூக்குக்கண்ணாடியில் இரண்டு உருவமும் வேறு வேறு அளவில் தெரியும், மூளை சேர்க்காது. இடக்கண்ணுக்குக் கான்டாக்ட் லென்ஸ் பழக்கினோம்.

எண்ணெய் எடுத்து ஒன்பது மாதம் ஆகிறது. விழித்திரை ஒட்டியிருக்கிறது. வலக்கண் கண்ணாடியோடு 6/24. ஓசிடியில் ஒளியுணர் செல்களின் படலம் நடுவில் அங்கங்கே விட்டுவிட்டுத் தெரிகிறது. வரிகள் சற்று நெளிந்து தெரிவதாகச் சொல்கிறார், அது போகாது. பிழை திருத்தும் வேலையை இடக்கண்ணை நம்பித் தொடர்கிறார். உடற்கூற்றளவில் வெற்றி என்று கோப்பில் எழுதலாம். அவருடைய கணக்கில் அது பாதி.

இடக்கண்

மைனஸ் 3க்கு மேல் பவர் உள்ளவர்களுக்கு விழித்திரை விலகும் ஆபத்து, பவர் இல்லாதவர்களைவிடச் சுமார் பத்து மடங்கு. ஒரு கண் விலகிவிட்டால் மற்றக் கண்ணின் ஆபத்து இன்னும் மேல். லேசிக் செய்து கண்ணாடியை விட்டவர்கள் தங்களுக்கு இது பொருந்தாது என்று நினைத்துக்கொள்கிறார்கள். லேசிக் கருவிழியைத்தான் செதுக்குகிறது, கண்ணின் நீளம் அப்படியேதான் இருக்கிறது.

இடக்கண்ணில் இரண்டு லாட்டிஸ் பட்டைகள், ஒன்றில் சிறு ஓட்டை. இரண்டுக்கும் லேசர் வைத்தோம். எல்லா மருத்துவர்களும் இதை ஒப்புக்கொள்வதில்லை, காரணமும் உண்டு. லாட்டிஸே இல்லாத, பார்க்க நன்றாக இருக்கிற இடத்திலும் கிழிசல் விழும். லேசர் அங்கே காவல் நிற்காது. ஆனால் மிஞ்சியிருப்பது ஒரே நல்ல கண் என்னும்போது நான் லேசர் பக்கம் சாய்வேன். அதோடு, புதிதாகப் பூச்சி, மின்னல், நிழல் எது வந்தாலும் அன்றே வர வேண்டும் என்று சொல்லி வைத்தோம்.

சென்ற மாதம் ஒரு காலையில் இடக்கண்ணில் பூச்சி பறந்திருக்கிறது. இரண்டு மணி நேரத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார், கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிக் கையோடு டப்பியில் கொண்டுவந்திருந்தார். ஓரத்தை அழுத்தி முழுச்சுற்றும் பார்த்தேன். கிழிசல் இல்லை, புகையிலைத் தூள் இல்லை, லேசர் தழும்புகள் உறுதியாக இருந்தன. பார்வை நரம்புக்கு முன்னால் வெய்ஸ் வளையம் தெளிவாக மிதந்தது. ஆறு வாரத்தில் மறுபடி வரச் சொன்னேன். விட்ரியஸ் முழுக்கப் பிரிந்துவிட்டது என்று எழுதுவதற்கான கட்டம் கோப்பில் இருக்கிறது. அதில் டிக் போடவில்லை, "வளையம் தெரிகிறது" என்று மட்டும் பக்கத்தில் எழுதினேன்.